மாதப்பாவில் ஒரு மூச்சு

துறையில் ஆசிரியர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும்.

சேர்க்கைக் கையேட்டில் போடுவதற்கு என் அனுபவத்தை ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி துறைத் தலைவர் கேட்டார். எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆங்கிலத்தில், வழவழப்பான தாளில் அச்சாகி வரும். சாமுண்டி மலை பின்னால் தெரிகிற மாதிரி என் படமும் வருமாம். அதில் பொய் எதுவும் இல்லை. உண்மை என்று சொல்லிக்கொள்ளவும் பெரிதாக ஒன்றும் இல்லை.

இது வேறு. உங்களில் ஒருவர் கொள்ளேகால்காரர், இன்னொருவர் சேலத்திலிருந்து வந்தவர். துறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இப்போது நீங்கள் இருவர்தான். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். கன்னடத்தில் எழுதினால் எல்லோரும் படித்துவிடுவார்கள், அதற்கான தைரியம் ரிட்டையர் ஆன பிறகும் எனக்கு வரவில்லை. அறிவுரை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு பெண்ணுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். மாணவர்களை ஸ்டுடியோக்களுக்குப் பயிற்சிக்கு அனுப்புகிற பொறுப்பு பத்து வருடம் என் தலையில் இருந்தது. இனி அது உங்களில் ஒருவருக்கு வரும்.

நம் படிப்பின் பெயரைக் கேட்டாலே பெற்றோருக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. இசைத் துறையில் வேலைக்குத் தயார் செய்கிற மூன்று வருடப் பட்டம். கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் ஒலிப்பதிவு, கொஞ்சம் சட்டம், கொஞ்சம் வியாபாரம். சேர்க்கை நாளில் அவர்களுக்குச் சொல்வதற்கென்று நான் ஒரு பேச்சு வைத்திருந்தேன். மனப்பாடம். அதில் ‘வாய்ப்பு’ என்ற சொல் மூச்சுக்கு மூச்சு வரும். உங்களுக்கும் சீக்கிரமே அப்படியொரு பேச்சு தயாராகிவிடும், கவலைப்படாதீர்கள்.

சகாயமேரியின் அப்பா அந்தப் பேச்சை முழுக்கக் கேட்டார். மார்டள்ளி என்ற ஊரில் மக்காச்சோளம் போடுகிறவர். முதல் பஸ்ஸைப் பிடித்து, கொள்ளேகாலில் இறங்கி மாறி, மகளோடு வந்திருந்தார்.

“ஏனுங்க, பாட்டுக்குப் படிச்சா உத்தியோகம் எதாச்சுங் கெடைக்குங்களா?”

“ஸ்டுடியோ, ஆல்பம், சினிமா, டிவின்னு நிறைய வாய்ப்பு இருக்குங்க.”

“வாய்ப்புன்னா கெடைக்குமுங்களா, கெடைக்காதுங்களா?”

சிரித்து மழுப்பினேன். பிறகு அந்தப் பெண்ணைப் பாடச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடுகிற பாட்டு ஒன்றைப் பாடினாள். நானும் கத்தோலிக்கக் குடும்பம்தான், அந்தப் பாட்டை ஆயிரம் தரம் கேட்டவள். ஆனால் அவள் பாடியபோது புதிதாகக் கேட்பது போலிருந்தது. குரலில் ஒரு கரகரப்பு. மேலே போகும்போது அது குறையாமல் கூடியது. நாலாவது வரியில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண்ணுக்கு என்னால் ஏதாவது செய்ய முடியும் என்று அன்றைக்கு நிஜமாகவே நம்பினேன்.

நம் பிள்ளைகளுக்கு வெளியே கிடைக்கிற முதல் வேலை, பெரும்பாலும் ஒரே வேலை, ட்ராக் பாடுவது. தெரிந்திருப்பீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். பேர் பெற்ற பாடகருக்கு உட்கார்ந்து மெட்டைக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. அதனால் வேறொருவரை வைத்து முழுப் பாட்டையும் முன்கூட்டிப் பதிந்துவிடுவார்கள். பெரியவர் வருவார், ஹெட்போனில் அதைக் கேட்பார், கேட்டபடி பாடுவார், அரை மணியில் கிளம்பிவிடுவார். அவர் குரல் ஏறியதும் முதல் குரலை அழித்துவிடுவார்கள். அந்த முதல் குரல்தான் நம் பிள்ளை.

ட்ராக் பாடுகிறவர் ‘ப்ளெயினாக’ப் பாட வேண்டும். ஸ்டுடியோக்காரர்களின் சொல் அது. அசைவு கூடாது, குழைவு கூடாது, உணர்ச்சி வேண்டவே வேண்டாம். அதையெல்லாம் வருகிறவர் போட்டுக்கொள்வார். சுருதியும் தாளமும் சொல்லும் சுத்தமாக இருந்தால் போதும். என் வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். “ப்ளெயினா பாடு மா. உன்னோடதைப் போடாத.” ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேனோ. இப்போது நினைத்தால் வாயைக் கழுவிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. அன்றைக்கு எனக்கு அதில் பெருமைதான். வேறு இடங்களில் படித்தவர்கள் ஸ்டுடியோ வாசலில் நின்றபோது என் பிள்ளைகள் உள்ளே நின்றார்கள்.

சகாயம் எல்லோரையும் விட வேகமாகக் கற்றுக்கொண்டாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண். இரண்டாம் வருடம் முடிவதற்குள் அந்தக் கரகரப்பு போய்விட்டது. தானாகப் போகவில்லை, நான்தான் போக்கினேன். அவளுடைய மதிப்பெண் பட்டியலில் ‘சிறந்த முன்னேற்றம்’ என்று என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். அலுவலக அலமாரியில் இன்னும் இருக்கும், பார்க்கலாம்.

மூன்றாம் வருடம் அவளைக் குவெம்புநகரில் ஒரு ஸ்டுடியோவுக்கு அனுப்பினேன். அதன் சொந்தக்காரர் பக்திப் பாடல்கள் போடுகிறவர். மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்களுக்காக அந்த வருடம் கன்னடத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று இரண்டு ஆல்பம் செய்துகொண்டிருந்தார். இரண்டு மொழியும் சுத்தமாக வருகிற குரல் வேண்டும் என்றார். கத்தோலிக்கப் பெண் சாமி பாட்டுப் பாடுவாளா என்று அவருக்கு ஒரு சந்தேகம்.

“மலைக்கு நடந்து போறவங்க எங்கூரு வழியாவும் போவாங்க சார். சின்னதுல இருந்து கேட்டதுதானுங்க” என்றாள் சகாயம்.

ஒரு பாட்டில் பல்லவி முடிகிற இடத்தில், ‘மாதப்பா’ என்று மாதேஸ்வரனைக் கூப்பிட வேண்டும். மேலே ஏறிக்கொண்டே போகிற மெட்டு. சகாயம் அந்தச் சொல்லின் நடுவில் மூச்சு வாங்கினாள். ‘மாத’ என்று நிறுத்தி, மூச்சை இழுத்து, ‘ப்பா’ என்றாள். பாட்டு வகுப்பில் இதற்குத்தான் முதல் குட்டு விழும். சொல்லை உடைத்து மூச்சு வாங்கக் கூடாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நான் மைக்கை அழுத்தினேன்.

“சகாயம், சொல்லு நடுவில மூச்சு வாங்கறே. ப்ளெயினா போ மா.”

“மிஸ், மலையேறுறவங்க அப்பிடித்தானுங்க கூப்புடுவாங்க. பாதியிலயே மூச்சு வாங்கிரும்.”

ஸ்டுடியோக்காரர் என் கையை மைக்கிலிருந்து எடுத்துவிட்டார். “இரலி மேடம், இரலி” என்றார், இருக்கட்டும் என்று. அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ட்ராக் பாடியதில் அவள் ப்ளெயினாகப் பாடாத ஒரே இடம் அதுதான்.

பெங்களூரில் பேர் பெற்ற பாடகி ஒருவர் அதைக் கேட்டு இரண்டு மொழியிலும் அப்படியே பாடினார், மூச்சு உட்பட. அடுத்த மாதமே பாட்டு எங்கு பார்த்தாலும் ஓடியது. பஸ் ஸ்டாண்டில், ஆட்டோவில், கல்யாண மண்டபத்தில். அந்த இடம் வரும்போது ஜனங்களும் மூச்சை இழுத்து நிறுத்தி ‘ப்பா’ என்றார்கள். டிவி பேட்டியில் அந்த மூச்சு எப்படித் தோன்றியது என்று பாடகியைக் கேட்டார்கள். சாமி கொடுத்தது என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். யார் கொடுத்தது என்று அவருக்குத் தெரியாது.

சகாயம் சொல்லிக்கொள்ளவும் முடியாது. பயிற்சிக்குப் போகிற ஒவ்வொரு மாணவரிடமும் ஸ்டுடியோக்காரர் ஒரு கடிதம் வாங்கிக்கொள்வார். நான் பாடியது ட்ராக் மட்டுமே, அதை என்னுடையது என்று எங்கும் சொல்ல மாட்டேன் என்று இருக்கும். கீழே துறையின் சார்பில் ஒரு கையெழுத்து வேண்டும். பத்து வருடமும் அது என் கையெழுத்து. படித்துப் பார்த்தா போட்டேன் என்று கேட்டால், முதல் வருடம் படித்தேன்.

“மிஸ், ஹாஸ்டல்ல அந்தப் பாட்டுப் போட்டாங்க. நானும் சேந்து பாடுனனுங்க. ‘அந்த மேடம் மாதிரியே பாடறே’ங்கறாங்க” என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அது சிரிக்கிற விஷயம் என்றுதான் அன்றைக்குப் பட்டது.

கடைசி செமஸ்டரில் ஒரு பெரிய இசை நிறுவனம் பெங்களூரிலிருந்து ஆளை அனுப்பியது. நம் துறையிலிருந்து ஒரே ஒரு குரலை எடுத்து, ஒரு வருடம் வைத்திருந்து, அந்தப் பேரிலேயே ஆல்பம் போடுவதாகத் திட்டம். சகாயத்துக்கு அதை விட்டால் வேறு வழியில்லை. அவளுடைய அத்தை ஹனூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வருடத்துக்குள் பாட்டில் ஒரு இடம் கிடைக்காவிட்டால் அதே ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனுக்குப் போய்விடுவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். அவளே என்னிடம் சொன்னாள். “இந்த ஒண்ணுதானுங்க மிஸ்” என்றாள்.

எனக்கு முன் பயிற்சிக்கு அனுப்புகிற பொறுப்பில் இருந்தவர் அதை என்னிடம் ஒப்படைத்தபோது ஒரே ஒரு விதி சொன்னார். பெயர் வேண்டாம், நல்ல மனிதர். “ஸ்டுடியோக்காரன் எதிரில் அவனைத் திருத்தாதே. வாசல் மூடினால் அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்து மூடும்” என்றார். அனுபவத்தில் வந்த விதிதான். பத்து வருடம் அதை வைத்துத்தான் ஓட்டினேன். குரல் தேர்வு நாளன்று குவெம்புநகர் ஸ்டுடியோக்காரர் விருந்தினராக முன் வரிசையில், எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். இரண்டாம் வருடப் பிள்ளைகள் ஆறு பேருக்கு அடுத்த பயிற்சி அவரிடம்தான் என்று பேசி வைத்திருந்தேன்.

சகாயம் தயார் செய்திருந்த பாட்டைப் பாடினாள். ஒரு பிசிறு இல்லை. நிறுவனத்துக்காரர் பேசியது கன்னடம், நான் தமிழில் சொல்கிறேன். “ரொம்பச் சுத்தமா இருக்கு. ஆனா இதுல நீ எங்கே இருக்கேன்னு தெரியலையே” என்றார். நல்ல காது அவருக்கு. “இன்னொண்ணு பாடு. உன்னோடதுன்னு எது இருக்கோ அதைப் பாடு.”

அவள் மாதப்பா பாட்டைத் தொடங்கினாள். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த இடம் வந்தது. மூச்சை வாங்கினாள். அவள் மார்டள்ளியிலிருந்து கொண்டு வந்த கரகரப்பு ஒரு வருடத்துக்கு மேல் கழித்து அந்த ஒரு சொல்லில் திரும்ப வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நிறுவனத்துக்காரர் சிரித்தார். “உன்னோடதைக் கேட்டா அந்த மேடத்தோடதைப் பாடறியே மா. மூச்சு வாங்கற இடத்தைக்கூட விட்டுவைக்கலையே” என்றார். ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள்.

“இல்லீங்க சார், அது...” என்றாள் சகாயம். ஸ்டுடியோக்காரரைப் பார்த்தாள். அவர் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தாள்.

அவள் வாய்க்குக் கடிதம் பூட்டுப் போட்டிருந்தது. என் வாய்க்கு அப்படி ஒன்றும் இல்லை, நினைத்திருந்தால் சொல்லியிருக்கலாம். ‘சார், அந்த மேடம்தான் இவளைக் கேட்டுப் பாடினார்.’ இவ்வளவுதான் வாக்கியம். நாக்கு வரை வந்தது. ஆறு பிள்ளைகளை நினைத்தேன், பழைய விதியை நினைத்தேன் என்றெல்லாம் பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நிமிடத்தில் எதையும் நினைக்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான். ஹாலில் இவ்வளவு பேர் முன்னால் ஒரு சங்கடம் வரப்போகிறது, அதை உடனே முடிக்க வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது.

“தேங்க்யூ சகாயம். நீ போய் உட்காரு மா” என்றேன்.

அவள் போய் உட்கார்ந்தாள். வேறொரு பையனை எடுத்துக்கொண்டார்கள். காரிடாரில் ஸ்டுடியோக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பெரிய மனசு என்றார். ஆறு பேர் என்ன, அடுத்த வருடம் எட்டுப் பேராக அனுப்புங்கள் என்றார். துறைக் கூட்டத்தில் அதற்காக என்னைப் பாராட்டிக் கைதட்டினார்கள். நானும் எழுந்து நின்று கும்பிட்டேன்.

மறுநாள் ஹாஸ்டலுக்குப் போனேன். சகாயம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளே பேசினாள்.

“பரவால்லீங்க மிஸ். நீங்க சொல்லிக்குடுத்ததுதானுங்களே, ப்ளெயினாப் பாடோணும்னு. அந்த எடத்துலயும் அப்பிடியே பாடியிருக்கோணுமுங்க.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் தன் தப்பைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஏதோ உளறிவிட்டு வந்துவிட்டேன். தேர்வெல்லாம் நல்ல மதிப்பெண்ணில் முடித்து, பேசி வைத்தபடியே ஹனூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். வேலை கிடைத்த மாணவர்கள் பட்டியலில் அவளையும் சேர்த்துத்தான் அந்த வருடக் கணக்கைக் காட்டினோம்.

மறு வருடம் பட்டச் சான்றிதழ் வாங்க அவளுடைய அப்பா வந்தார். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை என்று கடிதம் கொடுத்தனுப்பியிருந்தாள். கவரை வாங்கிக்கொண்ட பிறகும் அவர் கிளம்பவில்லை.

“மிஸ்ஸுங்க, ஒண்ணு கேக்கோணும். தப்பா நெனச்சுக்காதீங்க.”

“சொல்லுங்க.”

“அந்த மாதப்பா பாட்டுங்க. மலைல கடைக்குக் கடை அதான் ஓடுது. அதுல ஒரு எடத்துல மூச்சு உடுறாங்க பாருங்க. அது எம்புள்ளைதுங்க.”

கவரை இன்னும் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“பாடுறது வேற அம்மாங்க, தெரியுமுங்க. ஆனா அந்த மூச்சு எம்புள்ளைது. சின்னதுல எங்கூடச் சோளக்காட்டுக்கு வருவா, மலைக்குப் போறவங்க கூப்புடற மாதிரியே கூப்புட்டுக்கிட்டு வருவா, அப்பிடியேதான் உடுவா. ஊர்ல சொன்னாச் சிரிக்கறாங்க. அவளக் கேட்டா இல்லேங்கறா. நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்பிக்கறனுங்க.”

எனக்கு ரிட்டையர் ஆக மூன்று மாதம் இருந்தது. எட்டுப் பிள்ளைகள் அன்றைக்கும் குவெம்புநகரில் மைக் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த மனிதர் அத்தனை பாடகர்களிடையே தன் மகளின் மூச்சைக் கண்டுபிடித்து, இரண்டு பஸ் ஏறி, அதைக் கேட்க வந்திருந்தார். இவ்வளவு படித்த எனக்கு அந்தக் காது கிடையாது.

“தெரியலைங்க. அந்த மாதிரி நிறையப் பேர் பாடுவாங்க” என்றேன்.

“செரிங்க. அப்ப நாந்தான் தப்பாக் கேட்டுட்டனாட்ட இருக்குது” என்றார். கவரை மடங்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வர்றனுங்க என்று கும்பிட்டுவிட்டுப் போனார். ஜன்னல் வழியாக அவர் கேட்டைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை.

ஜூலையில் ஸ்டுடியோக்காரரின் அந்தக் கடிதம் உங்கள் மேசைக்கு வரும். கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. போடாவிட்டால் பயிற்சி இல்லை, பயிற்சி இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குப் பட்டம் இல்லை. எத்தனையோ விதமாக யோசித்துவிட்டேன், வழி தெரியவில்லை. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு பிள்ளை மேடையில் நின்றுகொண்டு உங்களைத் திரும்பிப் பார்த்தால், உட்காரச் சொல்லாதீர்கள். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ரிட்டையர் ஆனதும் முதல் வேலையாகச் சகாயத்தின் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதற்கும் ஒரு மாதம் ஆயிற்று. காலை நேரம், சகாயம்தான் எடுத்தாள். அப்பாவிடம் போனைக் கொடு, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். நிறுவனத்துக்கும் எழுதிப் போடுகிறேன், இனி எனக்கு யாரிடமும் பயமில்லை என்றேன். பேசும்போது என் குரல் எனக்கே தைரியமாகக் கேட்டது.

“வேண்டாமுங்க மிஸ்.”

“ஏன் மா? உன்னோடதுதானே அது.”

“அப்பா உங்களப் பாத்துட்டு வந்ததுல இருந்து அந்தப் பாட்டப் பத்திப் பேசறதில்லீங்க. இப்பச் சொன்னீங்கன்னா என்னையப் பாடிக் காட்டச் சொல்லுவாருங்க.”

“பாடேன் சகாயம். அவருக்காகவாவது பாடேன்.”

பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் வந்தது.

“வரலீங்க மிஸ். வீட்ல யாருமில்லாதப்பப் பாடிப் பாத்தனுங்க. நாலஞ்சு தடவ பாத்தேன். அந்த எடம் வந்தா, அந்த மேடம் பாடறாப்பிலதான் வருதுங்க.”

ஹனூர் பஸ் வந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.